டிக் டிக்னு கத்துன ஹார்ட் டிஸ்க்கும், ஆச்சியோட வாய்ஸ் நோட்டும்

கார்த்திகை மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை, அக்கா அவ கல்யாண வீடியோ வேணும்னு கேட்டா, சரி எடுத்துக் குடுப்போம்னு பழைய 1 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்க லேப்டாப்ல சொருகுனா, லைட் எரியுது, சுத்துற சத்தம் கேக்குது, அப்புறம் டிக்... டிக்... டிக்னு சொவத்துல பல்லி கத்துற மாதிரி ஒரு சத்தம். ஃபோல்டர் தொறக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம் டிரைவையே காணோம்.

இது 2016ல வாங்குன டிஸ்க். 2023 டிசம்பர் 17, 18ல இங்க தூத்துக்குடி பக்கம் பேஞ்ச மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், எங்க வீட்டுக்குள்ள தொடை வரைக்கும் தண்ணி, தரையில இருந்த சிபியு அப்பிடியே முங்கிடுச்சு. பீரோ மேல்தட்டுல பட்டுச்சேலைக்கு நடுவுல கெடந்த இந்த டிஸ்க் மட்டும் ஒண்ணும் ஆகாம தப்பிச்சுது. அந்த வெள்ளத்துல தப்பிச்சது இப்ப மேசை மேல சும்மா உக்காந்து சாகப் பாக்குது.

அத்தான் ஃபோன்லயே "இதுக்குத்தான் அப்பவே கிளவுட்ல போட்டு வைன்னு சொன்னேன்"னாரு. நான் இத்தன வருஷமா அவருகிட்ட "என் டேட்டா என் கையிலதான் இருக்கணும்"னு வாதாடிட்டு இருந்த ஆளு. இந்த ரெண்டு மாச வேலையில அவரு சொன்னதுல பாதி தப்பு, நான் சொன்னதுல பாதி தப்புன்னு தெரிஞ்சுது, எந்தப் பாதின்னு கீழ வரும்.

முதல்ல செஞ்ச நல்ல காரியம், டிஸ்க்க கழட்டி வச்சுட்டு டீ குடிச்சது. கை பரபரன்னு திரும்பத் திரும்பச் சொருகிப் பாக்கத் தோணும், விண்டோஸ் வேற "ரிப்பேர் பண்ணவா"ன்னு கேக்கும், ஓகே குடுத்துராதீங்க. அந்த செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்த சரி பண்றேன்னு சாகக் கெடக்குற டிஸ்க் மேலயே எழுதும், இருக்குறதும் போயிரும். ஒரு ஃப்ரெண்டு ஃப்ரீசர்ல வச்சுப் பாருன்னான், அது அந்தக் காலத்து வைத்தியம், வெளிய எடுத்த உடனே உள்ள தண்ணி வேர்க்கும், அதோட கதை முடிஞ்சுது.

அடுத்து கேபிள். இந்த டிஸ்க்குகளுக்கு வர்ற அகலமான மைக்ரோ பி கேபிள் கொஞ்சம் லூசானாலே கரண்ட் பத்தாம இதே மாதிரி டிக் டிக் கேக்கும். நான் வேற யூஎஸ்பி ஹப் வழியா மாட்டியிருந்தேன். ஹப்ப தூக்கிட்டு நேரா லேப்டாப்ல வேற கேபிள் போட்டதும் சத்தம் முக்கால்வாசி கொறஞ்சுது, ஆனா முழுசா நிக்கல. டிஸ்க்கோட ஒடம்பு எப்பிடி இருக்குன்னு சொல்ற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தா மஞ்சக் கலர்ல எச்சரிக்கை. அதுல ரெண்டு வரிதான் முக்கியம், 05ம் சி5ம். 05ங்குறது கெட்டுப்போய் ஏற்கனவே மாத்து இடத்துக்குத் தள்ளுன செக்டர் (டிஸ்க்குல டேட்டா உக்காருற சின்னச் சின்ன எடம்) எண்ணிக்கை. சி5ங்குறது படிக்க முடியாம "பாத்துக்கலாம்"னு நிறுத்தி வச்சிருக்குற செக்டர். எனக்கு சி5ல 598னு இருந்துச்சு, பரவால்லன்னு நெனச்சேன், அப்புறந்தான் தெரியுது இந்த சாஃப்ட்வேர் அந்த எண்ணிக்கைய பதினாறு அடிமான எண்லதான் காட்டும், நம்ம கணக்குக்கு 1,432.

சென்னையில ஒரு டேட்டா ரெக்கவரி ஆளுகிட்ட ஃபோன் போட்டேன். டிஸ்க்குக்குள்ள டேட்டாவ படிக்குற ஹெட்டு மாத்துறதா இருந்தா 18,000, வரும்னு உத்தரவாதம் கெடையாதுன்னாரு. நிக்காம டிக் டிக்னு அடிச்சு கம்ப்யூட்டருக்கு டிரைவே தெரியலன்னா அங்கதான் போகணும், வீட்ல கை வைக்கக் கூடாது. என்னது தெரியுது, அப்பப்ப படிக்குது, அதனால நானே பாத்துக்குறேன்னு எறங்கிட்டேன்.

கருவி டிடிரெஸ்க்யூன்னு ஒரு சாஃப்ட்வேர். விண்டோஸுக்குப் பதிலா ஓடுற லினக்ஸ் மின்ட்ட பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணி, புதுசா வாங்குன 2 டிபி டிஸ்க்குல பழைய டிஸ்க்க செக்டர் செக்டரா ஒரே இமேஜ் ஃபைலா இறக்கணும். சாதா காப்பி பேஸ்ட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, சாதா காப்பி கெட்ட எடத்துல போய் முட்டிக்கிட்டே நிக்கும், அந்த முட்டுலயே ஹெட்டு செத்துரும். இது கெட்ட எடத்தத் தாண்டி ஓடி நல்லத எல்லாம் முதல்ல அள்ளிட்டு, விட்டுப்போனதுக்கு அப்புறமா திரும்பி வரும். எது வந்துச்சு எது வரலன்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதி வச்சுக்கும், நடுவுல நின்னாலும் விட்ட எடத்துல இருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைல் இல்லாம ஓட்டாதீங்க. டிஸ்க் சூடாகாம இருக்க பக்கத்துல டேபிள் ஃபேன்.

ஒம்பதாவது மணி நேரத்துல டிரைவ் திடீர்னு காணாமப் போச்சு. கழட்டி மாட்டுனேன். கழட்டி மாட்டுனா லினக்ஸ் வேற எழுத்து குடுத்துரும், எஸ்டிபின்னு இருந்தது எஸ்டிசி ஆயிருந்துச்சு, நான் தூக்கக் கலக்கத்துல பழைய கமாண்டையே மேல் அம்புக்குறி அழுத்தி எடுத்து என்டர் தட்டப் போனேன். மூலத்தையும் நகலையும் மாத்திக் குடுத்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. அதுக்கப்புறம் எழுத்தே வேணாம்னு, டிரைவோட சீரியல் நம்பர் வர்ற நீளப் பேரத்தான் போட்டேன்.

31 மணி நேரம். முதல் சுத்துல 99.96 சதவீதம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 1 டிபில மிச்சம் அந்தப் புள்ளி பூஜ்யம் நாலுன்னா 412 எம்பி, அதுல எது இருக்குன்னு யாருக்குத் தெரியும்? பின்னாலேர்ந்து முன்னால திருப்பிப் படிக்கச் சொல்லி, இன்னும் மூணு தடவ முயற்சி பண்ணச் சொல்லி விட்டதுல 37 எம்பி வரைக்கும் எறங்குச்சு. அதுக்கு மேல நகரல.

இப்ப அந்த 37 எம்பி எந்த ஃபைல்ல? இதுக்கு டிடிரெஸ்க்யூலயே ஒரு அருமையான வழி இருக்கு, இமேஜ்ல படிக்க முடியாம ஓட்டையா கெடக்குற எடத்துல எல்லாம் நாம சொல்ற ஒரு வார்த்தைய ரொப்பச் சொல்லலாம். நான் "போச்சு"ன்னு ரொப்பச் சொன்னேன். அப்புறம் இமேஜ படிக்க மட்டும்ங்குற மாதிரி ஒரு டிரைவ் கணக்கா தொறந்து "போச்சு"ன்னு வர்ற ஃபைல் எல்லாம் தேடுனா லிஸ்ட் வந்துரும். 23 ஃபைல். 19 சினிமா, போனாப் போகட்டும். ரெண்டு ஏதோ சாஃப்ட்வேர். ஒண்ணு அக்கா கல்யாண வீடியோ, தாலி கட்டுற எடமெல்லாம் இருக்கு, பந்தியில நாலு செகண்டு கட்டம் கட்டமா ஒடையுது, அதுல சாப்ட்டவங்கதான் கோவிச்சுக்கணும். இன்னொண்ணு கொடைக்கானல்ல எடுத்த ஒரு போட்டோ, கீழ்ப்பாதி சாம்பல்.

டிஸ்க்குல மொத்தம் 690 ஜிபி. இத்தனையும் காப்பாத்தணுமான்னு உக்காந்து பாத்தா, சினிமா 310 ஜிபி, பழைய கேம், பழைய விண்டோஸ், அப்புறம் ஒவ்வொரு ஃபோன் மாத்தும்போதும் "ஃபோன் பேக்கப்", "ஃபோன் பேக்கப் புதுசு", "ஃபோன் பேக்கப் புதுசு 2"ன்னு ஒரே போட்டோ மூணு மூணு தடவ. இது எனக்கு மட்டும் இல்ல, எல்லா வீட்லயும் இதே கதைதான்னு நெனைக்கேன். நகல் தேட ச்காவ்கான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, போலிஷ் பாஷையில அதுக்கு விக்கல்னு அர்த்தமாம், ரொம்ப வேகம். குப்பைய ஒதுக்குனதும் 212 ஜிபி வந்துச்சு, நகலையும் தூக்குனா 186 ஜிபி. போச்சுன்னா திரும்ப எங்கயும் கெடைக்காதது அவ்ளோதான். பத்து வருஷத்துக்கு 186.

இந்த எடத்துலதான் ஆச்சி வாறாங்க. ஆச்சிக்கு எழுதப் படிக்க வராது, அதனால வாட்ஸ்அப்ல மைக்க அமுக்கிப் பேசி அனுப்புவாங்க, 2019ல இருந்து 2022ல போய்ச் சேர்ற வரைக்கும். "எய்யா, சாப்ட்டியா? ஃபோனு அடிச்சா எடுக்க மாட்டேங்கியே, சோலியா இருக்கியோ, சரி, மோரு குடி, வெயிலு கெடக்கு." இவ்ளோதான் இருக்கும், பத்து செகண்டு. மேல உள்ள 186 ஜிபில இந்த வாய்ஸ் நோட்டு எல்லாம் சேத்து 60 எம்பி கூட வராது. ஆனா எனக்கு எது முக்கியம்னு கேட்டா கல்யாண வீடியோவ விட இதத்தான் சொல்லுவேன், அக்காகிட்ட சொல்லிராதீங்க.

வாட்ஸ்அப் இந்த வாய்ஸ் நோட்ட வாரத்துக்கு ஒரு ஃபோல்டரா வைக்கும், ஃபோல்டர் பேரு வருஷமும் வார நம்பரும் சேந்து, 202124ன்னா 2021ல 24வது வாரம். நான் ஒவ்வொண்ணா எண்ணிட்டு வாறேன், 202131 இருக்கு, 202132 இருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. ஆச்சி அதுக்கப்புறம் ஒரு வருஷம் இருந்தாங்களே, பேசிட்டுத்தானே இருந்தாங்க?

டிஸ்க் தின்னுருச்சோன்னு ஒரு நிமிஷம் நெஞ்சு அடச்சுது. டிஸ்க் தின்னல. ஆண்ட்ராய்டு 11 வந்தப்போ வாட்ஸ்அப் அதோட ஃபோல்டர எடம் மாத்திருச்சு, ஃபோன்ல மேலாப்புல வாட்ஸ்அப்னு தனியா இருந்தது ஆண்ட்ராய்டு, மீடியான்னு உள்ள போயிருச்சு. நான் காப்பி எடுக்க எழுதி வச்சிருந்த ஸ்கிரிப்ட் பழைய எடத்தையே பாத்துட்டு, புதுசா ஒண்ணும் இல்லன்னு சந்தோஷமா முடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. "என் டேட்டா என் கையில"ன்னு சொன்னவன் கையில ஒரு வருஷம் வெறுங்கை. ஸ்கிரிப்ட் எரர் குடுக்கலன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல, இது எனக்கு இப்பத்தான் ஒறைக்குது.

அப்ப மீதி எங்க? என் இப்போதைய ஃபோன்ல இருந்துச்சு. எப்பிடின்னா, நடுவுல ரெண்டு ஃபோன் மாத்துனப்போ வாட்ஸ்அப்போட கிளவுட் பேக்கப் தானா எறங்கியிருக்கு, அதோட ஆச்சியும் வந்திருக்காங்க. நான் மதிக்காத கிளவுடுதான் ரெண்டாவது பாதிய காப்பாத்திருக்கு. அப்ப முதல் பாதியும் அதுல இருக்கணுமேன்னு பாத்தா இல்ல, ஏன்னா 2021ல ஃபோன்ல எடம் இல்லன்னு "ஹார்ட் டிஸ்க்குல இருக்குல்ல"ன்னு நானே அழிச்சிருக்கேன். அழிச்சதும் அடுத்த நாள் பேக்கப்புல இருந்தும் போயிருக்கும். ஆக ஆச்சி குரல் பாதி சாகப்போற டிஸ்க்குல, பாதி கிளவுடு வழியா வந்த ஃபோன்ல, ரெண்டுலயும் இருந்தது ஒண்ணு கூட இல்ல.

இத அத்தான்கிட்ட சொன்னா "எல்லாந்தான் போட்டோ ஆப்ல தானா ஏறுதே"ங்குறாரு. அது போட்டோவும் வீடியோவும் மட்டுந்தான் ஏத்தும், வாய்ஸ் நோட்டு ஏத்தாது. வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவ்ல தனியா கெடக்கும், வாட்ஸ்அப்ப தவிர வேற எதுலயும் தொறக்க முடியாது, 2024ல இருந்து அதுவும் அந்த இலவச 15 ஜிபி கணக்குலயே சேந்துருச்சு. அப்புறம் சிங்க்குக்கும் பேக்கப்புக்கும் உள்ள வித்தியாசம். எங்க சித்தி ஃபோன்ல எடம் இல்லன்னு ஆப்லயே போட்டோவ அழிச்சாங்க, மேலதான் இருக்கேன்னு. இங்க அழிச்சா அங்கயும் அழியும், 60 நாள் குப்பையில கெடக்கும், அப்புறம் அதுவும் இல்ல. சித்தி எங்கிட்ட கேட்டது 4 மாசம் கழிச்சு.

சரி காசுக் கணக்கு. நான் பாத்தப்போ கூகுள் ஒன்ங்குற காசு கட்டுற கிளவுடு திட்டத்துல 200 ஜிபி வருஷத்துக்கு 2,100, அடுத்த படி நேரா 2 டிபி, 6,500. 212 ஜிபியாவே இருந்திருந்தா அந்த 12 ஜிபிக்காக மூணு மடங்கு குடுக்கணும், விக்கலுக்கு நன்றி. எனக்கு ரெண்டு 2 டிபி டிஸ்க்கு சேத்து 12,800 ஆச்சு, அஞ்சு வருஷம் உழைச்சா வருஷத்துக்கு 2,560. ஏறக்கொறைய ஒண்ணுதான், அதனால காச வச்சு இதுல முடிவு பண்ண ஒண்ணும் இல்ல. இப்ப சிம் கம்பெனி ஆஃபர்ல டிபி கணக்குல இலவசமா வருதுன்னு சிலர் சொல்றாங்க, ஆஃபர் முடியுற மாசம் அத்தனையையும் எங்க எறக்கி வைப்பீங்கன்னு யோசிச்சுட்டு ஏத்துங்க. 2021 ஜூன் 1 வரைக்கும் கூகுள் போட்டோஸ்ல கொஞ்சம் கம்ப்ரஸ் பண்ணி அளவில்லாம ஏத்தலாம்னு இருந்துச்சு, அதையும் நிறுத்தத்தான செஞ்சாங்க.

காச விட எனக்கு உறுத்துறது வேற. ஹார்ட் டிஸ்க் சாகும்போது சத்தம் போடும், மல்லுக்கு நிக்கலாம், 31 மணி நேரம் ஃபேன் போட்டு உக்காந்து 37 எம்பி தவிர எல்லாத்தையும் புடுங்கலாம். கிளவுடு கதவு தொறந்திருந்தா தொறந்திருக்கு, மூடுனா மூடுனதுதான், அங்க நாம செய்ய ஒரு வேலையும் கெடையாது. 2025 செப்டம்பர் 26ல தென் கொரியாவுல டேஜான்ல அரசாங்க டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சு, அரசு ஊழியருங்க ஃபைல் வைக்குற ஜி டிரைவ்னு ஒண்ணு 858 டிபி அப்பிடியே போச்சு, வேற எங்கயும் காப்பி இல்ல. ஆபீஸ் பிசில வைக்காதீங்க, அங்கயே வைங்கன்னு சொல்லி வச்ச ஃபைலுங்க. 2024 மே மாசம் ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்னு ஒரு பென்ஷன் ஃபண்டோட பிரைவேட் கிளவுடு கூகுள் கிளவுடு பக்கத்து செட்டிங் தப்புல தவறுதலா அழிஞ்சு போச்சு, அவங்க வேற ஒரு கம்பெனிகிட்டயும் தனி பேக்கப் வச்சிருந்தது கைகுடுத்து எழுந்துட்டாங்க. அதே சமயம் 2023ல என் வீட்ல அஞ்சு காப்பி வச்சிருந்தாலும் அஞ்சும் கீழ் ட்ராயர்ல இருந்திருந்தா அஞ்சும் முங்கியிருக்கும்.

அதனால நான் புடிச்ச முடிவு: ஒரிஜினல் வீட்ல, கிளவுட்ல காப்பி. நெறைய பேரு வச்சிருக்குறது தலைகீழ், ஒரிஜினலே கிளவுட்ல, வீட்ல ஒண்ணுமே இல்ல. பீட்டர் க்ரோகுங்குற போட்டோகிராஃபர் பரப்புன 3-2-1 கணக்கு, மூணு காப்பி, ரெண்டு வகை எடம், ஒண்ணு ஊருக்கு வெளிய, அத நம்ம வீட்டுக்கு ஏத்த மாதிரி வெட்டித் தச்சேன்.

முதல்ல கிளவுட்ல இருந்த போட்டோவ எல்லாம் எறக்கணும். எறக்குறது சுலபம், ஜிப் ஜிப்பா வரும். தேதிதான் தொல்லை, எடுத்த தேதி ஜேசன்னு ஒரு தனி குறிப்பு ஃபைல்ல வருது, கேமரால எடுத்ததுக்குப் படத்துக்குள்ளயே தேதி இருக்கும், வாட்ஸ்அப்ல வந்த படத்துக்கு உள்ள ஒண்ணும் இருக்காது, அதனால கேலரில பத்து வருஷ தீபாவளியும் ஒரே நாள்ல, ஜிப்ப பிரிச்ச அன்னைக்கு வந்து நிக்குது. நல்லவேளையா வாட்ஸ்அப் ஃபைல் பேருலயே தேதி இருக்கு, படத்துக்குள்ள தேதிய எழுதுற எக்ஸிஃப்டூல்ங்குற சாஃப்ட்வேர்ல ஃபைல் பேர வச்சு தேதி போடச் சொன்னா ஒரே வரியில முடிஞ்சுது.

2014 லேப்டாப் ஒண்ணு கீபோர்டு செத்துக் கெடந்துச்சு, அதுல மின்ட் போட்டு, ஒரு 2 டிபி டிஸ்க்க மாட்டி பீரோ மேலயே வச்சுட்டேன், வெள்ளம் வந்தா அங்க வரைக்கும் வராது. எல்லார் ஃபோன்லயும் ஃபைல லேப்டாப்புக்குத் தானா அனுப்புற சிங்க்திங் ஃபோர்க்னு ஒரு ஆப், ஃபோன் அனுப்ப மட்டும், லேப்டாப் வாங்க மட்டும், லேப்டாப் பக்கம் பழைய வெர்ஷன வச்சுக்கச் சொல்லி. வாட்ஸ்அப் ஃபோல்டர் இந்தத் தடவ சரியான எடம்தானான்னு மூணு தடவ பாத்தேன். ராத்திரி 2 மணிக்கு ரெஸ்டிக்னு ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் ஓடும், அது மாறுனத மட்டும் எடுத்து பூட்டுப் போட்டு வைக்கும், வாரத்துக்கு ஒருக்க அதே பெட்டிய ஆர்குளோன்னு இன்னொரு சாஃப்ட்வேர் கிளவுட்ல ஏத்தும். பூட்டுப் போட்டது ஏறுறதால உள்ள என்ன இருக்குன்னு அங்க யாருக்கும் தெரியாது. முதல் ஏத்தம் 186 ஜிபி, அப்லோடு 40 எம்பிபிஎஸ், எட்டால வகுத்தா நொடிக்கு 5 எம்பி, கணக்குப்படி பத்து மணி நேரம், நடந்தது மூணு ராத்திரி, ஏன்னா கரண்ட் போனா லேப்டாப் பேட்டரில நிக்குது, ரூட்டர் செத்துருது. ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குனப்புறம் சரி.

ரெண்டாவது டிஸ்க் மதுரையில அக்கா வீட்டுக்கு. பொங்கலுக்கு வந்திருந்தா, போகும்போது குடுத்து விடலாம், அதுக்கு முன்ன அவ லேப்டாப்ல சொருகி ஒரு ஃபைல எடுத்துப் பாப்போம்னு தோணுச்சு. ரெஸ்டிக் பாஸ்வேர்டு கேக்குது. பாஸ்வேர்டு எங்க இருக்கு? பீரோ மேல இருக்குற லேப்டாப்ல, ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல. அந்த லேப்டாப் போச்சுன்னு வச்சுக்கோங்க, அந்தப் பாஸ்வேர்டும் போச்சு, மூணு எடத்துல பூட்டுன பெட்டி, சாவி மூணுலயும் இல்ல. அத்தான் ஒண்ணும் சொல்லல, சிரிச்சாரு, அதுக்குச் சொல்லியே இருக்கலாம். இப்ப பாஸ்வேர்டையும் கிளவுடு கணக்குக்குள்ள ஃபோன் இல்லாமலும் போக உதவுற பத்து பேக்கப் கோடையும் பேப்பர்ல எழுதி, ஒண்ணு பத்திரம் வைக்குற ஃபைல்ல, ஒண்ணு அக்கா ரேஷன் கார்டோட.

பாஸ்வேர்டு போட்டு, 202132ஐ எடுத்து, ஓட்டுனோம். "எய்யா"ன்னு ஆரம்பிச்சுது. அக்கா அடுப்படியில இருந்து ஓடி வந்தா, அவளுக்கு ஆச்சி அனுப்புனது எல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சாம். எல்லாத்தையும் அவளுக்கும் காப்பி போட்டுக் குடுத்தேன்.

டிஸ்க்க ஆறு மாசத்துக்கு ஒருக்க மாத்திக்கணும்னு பேச்சு. சித்திரைத் திருவிழாவுக்கு நான் மதுரை போவேன், தீபாவளிக்கு அவ ஊருக்கு வருவா, தனியா ரிமைண்டர் வைக்கத் தேவையில்ல. பஸ் ஏறும்போது பாத்தா டிஸ்க்க முறுக்கு டப்பாக்குள்ள வச்சிருக்கா. ஏன்க்கான்னா, ஒடையாம இருக்கும்லங்குறா. டப்பாவ தொறந்து, எண்ணெயத் தொடச்சு, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி திரும்ப அதுக்குள்ளயேதான் வச்சேன், யோசிச்சுப் பாத்தா முறுக்கு சுத்தி இருந்தா ஒண்ணும் ஆகாது.